8 ஹேண்டிகேப்புக்கு ஃபோர்ஜ்டு அயர்ன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. கோவையில் சொந்தத் தொழில். பல வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன், இப்போது ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 8. கையில் இருப்பது வார்ப்பில் செய்த, முகம் மெல்லியதான, தூரம் போகிற ரக அயர்ன் (உலோகத் தலை மட்டை, எண் குறையக் குறையத் தூரம் கூடும்) செட். 7 அயர்னில் 165 யார்டு சாதாரணமாகப் போகும். ஆனால் கிளப்பில் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் ஃபோர்ஜ்டுதான் வைத்திருக்கிறார்கள். நண்பர் ஒருவரின் மிசுனோ பிளேடை வாங்கி ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) அடித்துப் பார்த்தேன். சில அடிகளில் பந்து பட்டதே கையில் தெரியவில்லை, வெண்ணெய். மற்றதெல்லாம் கை உதறியது, பந்தும் பாதி வழியில் விழுந்தது. அதே மாதிரி பழைய செட் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா? 8 ஹேண்டிகேப்புக்கு இது பேராசையா? மென்மையான இரும்பு நம்மூர்த் தரையில் நசுங்கிப் போகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வணக்கம். அந்த பிளேடு செட்டை வாங்க வேண்டாம். ஆனால் ஃபோர்ஜ்டு அயர்ன் வாங்கலாம். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. ஃபோர்ஜ்டு என்பது தலையைச் செய்த முறை. பிளேடு என்பது தலையின் வடிவம், பின்பக்கம் குழியாத ஒல்லித் தலை. கிளப் வராந்தாவில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார்கள், அங்கேதான் பாதிப் பேர் தப்பான செட்டை வாங்குகிறார்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பன் குறைந்த எஃகுத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, அச்சுக்குள் வைத்து, பெரிய சுத்தியல் இயந்திரத்தால் அடித்துத் தலையை எடுப்பது ஃபோர்ஜிங். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பு. மிசுனோ போன்றவர்கள் சொல்லும் 1025 எஃகில் கார்பன் சுமார் 0.25 சதவீதம்தான், அதனால் மென்மை. வார்ப்பு அயர்ன்களில் அதிகம் காணும் 17-4 ஸ்டெயின்லெஸ் எஃகில் 17 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல். துரு பிடிக்காது, கடினமானது.

இப்போது அந்த வெண்ணெய்க்கு வருவோம். பந்து கிளப் (மட்டை) முகத்தில் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி விநாடி. கையில் நடந்தது மூளைக்குத் தெரிவதற்குள் பந்து கிளம்பிப் போய்விடும். நாம் ‘ஃபீல்’ என்று சொல்வதில் பெரும்பகுதி காதில் விழும் சத்தம், மீதி ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) வழியாக ஏறும் அதிர்வு. பித்தளைக் குடத்தையும் மண்பானையையும் தட்டினால் வேறு வேறு சத்தம் வருவதுபோல, முகத்துக்குப் பின்னால் கனமாக உலோகம் இருக்கும் தலை ‘தப்’ என்கிறது, மெல்லிய முகமும் வெற்று வயிறும் உள்ள தலை ‘டிக்’ என்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் ரேஞ்சில் காதை நன்றாக அடைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். வெண்ணெயில் பாதி காணாமல் போகும். ஒரே வடிவம், ஒரே எடை, ஒரே ஷாஃப்ட் என்று வைத்து, ஒன்றை ஃபோர்ஜிங்கிலும் இன்னொன்றை மென்மையான கார்பன் எஃகை வார்த்தும் செய்து கொடுத்தால், எது எது என்று சொல்ல நல்ல ஆட்டக்காரர்களுக்கே திணறும் என்பது என் கருத்து. விளம்பரங்கள் இதை ஒப்புக்கொள்ளாது.

ஆடத் தெரிந்தவன் ஃபோர்ஜ்டுதான் வைத்திருப்பான் என்பதும் சரியில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் பப்பா வாட்சன் 2012-ல் மாஸ்டர்ஸ் என்ற பெரும்போட்டியை வென்றது பிங் எஸ்59 என்ற வார்ப்பு அயர்ன்களை வைத்து. பிங் கம்பெனியே அதன் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம் காலத்திலிருந்து வார்ப்பில் பேர் வாங்கியதுதான். மறுபக்கம், 1997 மாஸ்டர்ஸில் எதிராளிகளை நொறுக்கிய டைகர் வுட்ஸின் பையில் மிசுனோ பிளேடுகள் இருந்தன. உங்களுக்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் இந்த இரண்டும் இல்லை, புரூக்ஸ் கெப்கா. நைக்கி 2016-ல் கிளப் தயாரிப்பை விட்டபிறகு அவரைக் கட்டிப்போடும் அயர்ன் ஒப்பந்தம் அப்போது இல்லை. எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். எடுத்தது மிசுனோ ஜேபிஎக்ஸ் 900 டூர். அது ஃபோர்ஜ்டு, ஆனால் பிளேடு இல்லை. பின்பக்கம் குழிந்து, எடை ஓரங்களுக்குத் தள்ளப்பட்ட கேவிட்டி பேக். 2017, 2018 யூ.எஸ். ஓப்பன் இரண்டையும் அதை வைத்துத்தான் வென்றார். அவ்வளவு பலசாலி, அவ்வளவு சுத்தமாக அடிப்பவர், கொஞ்சம் மன்னிக்கிற தலையைத் தேர்ந்தெடுத்தார் என்றால் நாம் ஏன் அதைவிடக் கடினமானதைத் தூக்க வேண்டும்?

பிளேடு வாங்கிய ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர்கள் மட்டைகளைச் சரிசெய்யும் எங்கள் பட்டறைக்கு வந்து சொல்லும் கதை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் சில வாரம் காதல். 8, 9, பிட்சிங் வெட்ஜ் (கிட்டத்து அடிக்கான மட்டை) மூன்றும் அற்புதம், தாழ்வாகவும் அடிக்கலாம், உயரமாகவும் அடிக்கலாம், கிரீனில் (குழி உள்ள புல்தரையில்) பந்து கடித்து நிற்கிறது. அப்புறம் ஒரு போட்டியில், கொஞ்சம் களைத்த பிறகு, கடைசி ஐந்தாறு ஹோலில் 4 அயர்னும் 5 அயர்னும் கைவிட ஆரம்பிக்கும். முகத்தின் நுனிப் பக்கம் அரை அங்குலம் தள்ளிப் பட்டாலும் பந்து கிரீனுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடும். முன்னால் பங்கரோ (மணல் பள்ளமோ) தண்ணீரோ இருந்தால் அன்றைய ஸ்கோர்கார்டு கெட்டது. இதில் தெளிவானவர்கள் 4, 5, சில சமயம் 6 அயர்னையும் அதே கம்பெனியின் கேவிட்டி பேக்காக மாற்றிக்கொண்டு, குட்டை அயர்ன்களை மட்டும் பிளேடாக வைத்துக்கொள்கிறார்கள். டூர் (தொழில்முறைப் போட்டி) ஆட்டக்காரர்களின் பையிலேயே இந்தக் கலவை சாதாரணம். வீம்புக்காக முழு பிளேடையும் விடாமல் ஆடி, ஹேண்டிகேப் ஏறிய பிறகு விற்க வருகிறவர்களும் உண்டு. உங்களுக்கு விலைக்கு வரும் அந்தப் பழைய செட் ஏன் விற்பனைக்கு வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்!

பிளேடின் அடிப்பாகம் ஒல்லி என்பதையும் கவனிக்க வேண்டும். செங்குத்தாக இறங்கி அடிக்கிறவர் மழைக்குப் பிறகு நனைந்த ஃபேர்வேயில் (ஆட்டப் புல்வெளியில்) ஆடினால் அது மண்ணுக்குள் புதையும். உங்கள் ஆட்டம் அந்த வகையா என்று கடிதத்தில் இல்லை. உங்கள் டிவட் (அடியில் புல் பெயர்ந்த தடம்) ஆழமா, பந்துக்கு முன்னால் தொடங்குகிறதா, பின்னாலா என்று உங்கள் கேடியை (பை சுமப்பவரை) கேளுங்கள். நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

சரி, பிளேடு வேண்டாம் என்றால் இருக்கும் செட்டோடு இருந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் உங்கள் 165 யார்டு எனக்கு இடிக்கிறது.

லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்த கோணம், குறைந்தால் தூரம் கூடும்) கணக்கைப் பாருங்கள். டைட்டிலிஸ்ட் 620 எம்பி பிளேடில் 7 அயர்ன் லாஃப்ட் 35 டிகிரி. அதே கம்பெனியின் டி100-ல் 34. டெய்லர்மேட் பி790-ல் 30.5. தூரத்துக்கென்றே செய்த செட்களில் 28, 29 கூட உண்டு. அதாவது உங்கள் 7 அயர்ன் பழைய கணக்கில் ஒரு 6 அயர்ன், சில சமயம் அதற்கும் மேல். ஆகவே நண்பரின் பிளேடில் பந்து குறைந்ததற்கு எல்லா முறையும் உங்கள் அடி காரணமில்லை. நன்றாகப் பட்ட பந்தே பத்து, பன்னிரண்டு யார்டு குறைந்திருக்கும், குறைய வேண்டும். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. தலையில் போட்டிருக்கும் எண்ணை யாரும் ஸ்கோர்கார்டில் எழுதுவதில்லை.

மெல்லிய முகத் தலைகளைப் பற்றி நல்ல ஆட்டக்காரர்கள் சொல்லும் புகார் வேறு: திடீரென்று ஒரு பந்து பறந்துவிடுகிறது. எட்டு முறை 165 போகும், ஒன்பதாவது, எந்தக் காரணமும் தெரியாமல், 177 போய் கிரீனுக்குப் பின்னால் புதரில் விழும். சுழற்சி குறைந்து கிளம்பிய பந்து அது. புல் கொஞ்சம் இடையில் மாட்டினால் இன்னும் மோசம். 18 ஹேண்டிகேப்காரருக்கு இது பெரிய விஷயமில்லை, அவருக்குக் குறைந்து விழுவதுதான் பிரச்சினை. 8-ல் இருந்து 5-க்கு இறங்க நினைப்பவருக்கு இது தலைவலி. உலோகம் திடமாக உள்ள தலை தூரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு அடிக்கு அடி ஒரே தூரத்தைத் தருகிறது. ஃபோர்ஜ்டு கேவிட்டி பேக்கை உங்களுக்குச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கிரீனில் பந்து நிற்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பந்தின் பறப்பை அளக்கும் கருவி செய்யும் டிராக்மேன் கம்பெனி வெளியிட்ட பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகள்) சராசரிப் பட்டியல் ஒன்றில் 7 அயர்ன் 172 யார்டு பறந்து, நிமிடத்துக்கு 7,100 சுற்று அளவில் சுழன்று, 50 டிகிரி கோணத்தில் இறங்குகிறது. நம்மால் அந்த வேகம் முடியாது, ஆனால் இறங்கு கோணம் 45 டிகிரிக்குக் கீழே போனால் காய்ந்த கிரீனில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் 165 யார்டு பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தூரத்தைக் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

ஃபோர்ஜ்டுக்கு என்றே உள்ள நிஜமான லாபம், கிளப் சரிசெய்பவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, அது வளையும். தலை ஷாஃப்டோடு சேரும் கழுத்தை இயந்திரத்தில் பிடித்து லை கோணத்தை (ஷாஃப்ட் தரையோடு சாயும் கோணத்தை) இரண்டு, மூன்று டிகிரி தாராளமாக மாற்றலாம். லை தப்பாக இருந்தால் நீங்கள் சரியாக அடித்தாலும் பந்து தப்பான பக்கம் கிளம்பும்: வலது கைக்காரருக்குத் தலையின் நுனி தூக்கி நின்றால் இடப்பக்கம், தலையின் குதிகால் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) தூக்கி நின்றால் வலப்பக்கம். லாஃப்ட் கூடும் குட்டை அயர்ன்களில் இது அதிகமாகத் தெரியும். பல வருடம் ‘என் ஸ்விங்கில் கோளாறு’ என்று பயிற்சியாளரிடம் பணம் கட்டியவர்களுக்கு, லையை இரண்டு டிகிரி மாற்றியதும் பந்து நேராகப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். வார்ப்பு அயர்னையும் வளைக்கலாம், பிங் அதற்காகவே கலர் புள்ளி முறை வைத்திருக்கிறது. ஆனால் 17-4 எஃகு முரண்டு பிடிக்கும், பழகாத கையில் உடையவும் உடையும். ஒரு எச்சரிக்கை: குறைந்த தூரத்தைத் திரும்பப் பிடிக்கலாம் என்று லாஃப்டைக் குறைத்து வளைக்கச் சொல்லாதீர்கள். லாஃப்ட் ஒரு டிகிரி குறைந்தால் அடிப்பாகத்தின் பவுன்ஸும் (மண்ணில் புதையாமல் தாங்கும் கோணமும்) ஒரு டிகிரி குறையும். ஒல்லித் தலை இன்னும் வேகமாக மண்ணில் புதையும்.

நசுங்கும் பயம் பாதி உண்மை. மென்மையான தலைகள் பையில் ஒன்றோடு ஒன்று மோதிச் சிறு பள்ளங்கள் விழும். அழகு போகும், ஆட்டம் போகாது. கல் இருக்கும் இடத்தில் அடித்தால் அடிப்பாகத்தில் தழும்பு வரும், அதற்கு வார்ப்பும் முழு விலக்கில்லை. கவனிக்க வேண்டியது வேறு: ரேஞ்சில் சிமென்ட்டின் மேல் விரித்த செயற்கைப் புல் பாயிலிருந்து கூடை கூடையாக அடித்தால் லாஃப்டும் லையும் மெல்ல நகரும். வருடத்துக்கு ஒரு முறை அளந்து பார்த்துக்கொண்டால் போதும். துரு விஷயத்தில், நிக்கல் குரோம் பூச்சு உள்ளதை வாங்குங்கள். பூச்சில்லாத வெற்று இரும்புத் தலை பார்க்க அழகு, ஆனால் சென்னை மாதிரிக் கடல் காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் சிவந்துவிடும். கோவையில் அவ்வளவு சீக்கிரம் இல்லை, ஈரத்தோடு பையில் போடாமல் துடைத்து வைத்தால் சரி.

இனி சோதனை. நீங்கள் நண்பரின் கிளப்பை முடிவு செய்தது வெண்ணெயாகப் பட்ட அந்தச் சில அடிகளை வைத்து. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், கடைக்காரர்களுக்கும் அது தெரியும். நான் ஃபிட்டிங் (ஆளுக்கேற்ற மட்டையை அளவெடுப்பது) செய்யும்போது ஆளின் நல்ல அடிகளை ஒதுக்கிவிட்டு மோசமான அடிகளை மட்டும் பார்ப்பேன். நல்ல அடி எந்தத் தலையிலும் நன்றாகத்தான் போகும்.

வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்பக்கம் பெரிய புள்ளி வையுங்கள், அந்தப் பக்கம் கிளப்பை நோக்கி இருக்கட்டும். அடித்தால் முகத்தில் மை பதியும், துணியால் துடைத்தால் போய்விடும். உங்கள் செட்டின் 7 அயர்னில் இருபது பந்து அடித்து ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். அப்புறம் 5 அயர்னில். செயற்கைப் பாயில் வேண்டாம், நிஜப் புல்லில் அடியுங்கள். பாயில் பந்துக்குப் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிப் போய் நல்ல அடி மாதிரி காட்டும், அந்தப் பொய்யை நம்பி பிளேடு வாங்கியவர்கள் உண்டு. 7 அயர்னில் பெரும்பாலான குறிகள் பத்து ரூபாய் நாணயத்தின் அளவுக்குள் அடங்கினால் ஒல்லியான கேவிட்டி பேக்கைத் தாராளமாக எடுக்கலாம். 5 அயர்னில் குறிகள் முகம் முழுக்கச் சிதறினால் அந்த நீள அயர்ன்கள் கொஞ்சம் தடித்த தலையாகவோ, ஹைப்ரிடாகவோ (அடிக்க எளிதான, தடித்த தலை மட்டை) இருக்கட்டும்.

குறிகள் எல்லாம் ஒரே இடத்தில், ஆனால் நடுவில் இல்லாமல் குதிகால் பக்கமாகக் கூடியிருந்தால் அது கிளப் வாங்குகிற பிரச்சினை இல்லை, பந்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்ற பிரச்சினை. அதற்குப் பயிற்சியாளர் போதும். செலவு மிச்சம்.

லாஞ்ச் மானிட்டர் (பந்தின் பறப்பை அளக்கும் கருவி) கிடைத்தால் சராசரித் தூரத்தைப் பார்க்காதீர்கள். மிக அதிகமாகப் போன பந்துக்கும் மிகக் குறைவாகப் போன பந்துக்கும் எத்தனை யார்டு இடைவெளி என்று பாருங்கள். உங்கள் பழைய செட், ஃபோர்ஜ்டு கேவிட்டி பேக், பிளேடு மூன்றையும் ஒரே நாளில், ஒரே ரகப் பந்தில் அடித்து அந்த இடைவெளியை ஒப்பிடுங்கள். எனக்குத் தெரிந்து உங்கள் தரத்தில் உள்ளவர்களுக்கு நடுவில் உள்ளதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். உங்கள் எண்கள் வேறு சொன்னால், எண்களைக் கேளுங்கள், என்னை விடுங்கள்.

அளவெடுப்பதைக் கோவையிலேயே செய்யுங்கள். வார இறுதியில் ஊட்டிக்குப் போகும்போது அங்கே அளந்து விடாதீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். காற்று அடர்த்தி குறைவு, 150 யார்டு பந்து எட்டு சதவீதம் கூடி 160-ஐத் தாண்டும், பக்கவாட்டு வளைவும் குறையும். புது அயர்னை அங்கே முதல் முறை அடித்து ‘தூரமும் போகிறது, நேராகவும் போகிறது’ என்று மகிழ்ந்து வாங்கினால், அந்தப் பெருமையில் பாதி நீலகிரிக்குச் சேர வேண்டியது.

எந்தச் செட்டை வாங்கினாலும் வெட்ஜ்களை மறந்துவிடாதீர்கள். உங்கள் இப்போதைய பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரியாக இருக்கலாம், புதியது 46 அல்லது 47-ஆக வரும். அதற்கேற்ப அடுத்த வெட்ஜின் இடைவெளியும் மாறும். இதுவரை கேப் வெட்ஜ் ஒன்று கூடுதலாக வைத்திருந்தால் அது இனி தேவைப்படாமலே போகலாம். அந்த இடத்தில் மேலே ஒரு ஹைப்ரிட் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிது வாங்க லட்சத்துக்கு மேல் ஆகும், அதனால் பழையதைத் தேடுவது தப்பில்லை. ஃபோர்ஜ்டு அயர்ன் நன்றாக வைத்திருந்தால் பல வருடம் உழைக்கும். பார்த்து வாங்க வேண்டியவை சில உண்டு. முகத்தின் கோடுகள் 8, 9, பிட்சிங் வெட்ஜில் தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், முதலில் தேய்வது அவைதான். 2010-க்கு முந்தைய செட் என்றால் இன்னொன்று: அந்த வருடம் கோடுகளின் அளவுக்கும் விளிம்புக்கும் புது விதி வந்தது, பெரிய போட்டிகளில் அந்த விதியைக் கட்டாயமாக்குகிறார்கள். நீங்கள் மாநிலப் போட்டி ஆடுவதாக இருந்தால் போட்டி நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள். முந்தைய உரிமையாளர் உயரமானவராக இருந்து கழுத்தை வளைத்து வைத்திருக்கலாம், எல்லா அயர்னையும் அளந்தால்தான் தெரியும். போலி செட்களும் உலவுகின்றன, ஃபோர்ஜ்டு பிராண்டுகளில் குறிப்பாக. கழுத்தில் வரிசை எண் இல்லை, எழுத்துகளில் பெயின்ட் பிசிறுகிறது, விலை நம்ப முடியாத அளவு குறைவு என்றால் விலகி வந்துவிடுங்கள்.

கடைசியாக ஷாஃப்ட். நீங்கள் இதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை, எனக்கோ தலையைவிட இதுதான் கவலை. பழைய பிளேடு செட்களில் பெரும்பாலும் டைனமிக் கோல்ட் எஸ்300 இருக்கும், கிட்டத்தட்ட 130 கிராம். உங்கள் இப்போதைய செட்டில் நூறு கிராமுக்குக் குறைவான ஷாஃப்ட் இருக்க வாய்ப்பு அதிகம். நண்பரின் கிளப்பில் கை உதறியதிலும் பந்து பாதி வழியில் விழுந்ததிலும் அந்த முப்பது கிராமுக்குப் பங்கு இருந்திருக்கலாம். 44 வயதில், பதினெட்டு ஹோல் நடந்து ஆடும்போது, பதினைந்தாவது ஹோலில் அந்த எடை தெரியும். எடை குறைந்த நிப்பான் என்.எஸ். புரோ 950 அளவிலோ, மோடஸ் 105 அளவிலோ உள்ளதைப் போட்டு அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதைய செட்டின் ஷாஃப்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், மார்க்கர் சோதனைப் படங்களையும் அனுப்புங்கள். உங்கள் உயரத்தையும், நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை எத்தனை அங்குலம் என்பதையும் சேர்த்து எழுதினால், எந்த லையில் தொடங்கலாம் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். அதுவரை அந்த விற்பனைக்காரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.